இரண்டு கண்கள், ஒரே காட்சி

மாணவர்களே, படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறிய சோதனை. மூடி போட்ட பேனா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். அதன் வாய் பக்கவாட்டில் இருக்கும்படி, உங்கள் கண்மட்டத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் அவர் அதைப் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தலையை அசைக்காமல், பேனாவைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து, ஒரே முயற்சியில் மூடிக்குள் செருகப் பாருங்கள்.

பேனா மூடிக்கு முன்னாலோ பின்னாலோ போய்விடுகிறதல்லவா? மேலே கீழே என்பதில் அதிகம் தவறவில்லை. முன்னே பின்னே என்பதில்தான் தவறினோம். இனி இரு கண்களையும் திறந்துகொண்டு அதையே செய்யுங்கள். பேனா தடையின்றி உள்ளே நுழையும்.

மூடியின் நிறமோ, வடிவமோ, அளவோ ஒற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் போகவில்லை. குறைந்தது ஒன்றே ஒன்றுதான்: தூரம். ஒரு கண் பழுதானால் மற்றது உதவும் என்பதற்காகவே இயற்கை இரண்டு கண்களைத் தந்திருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அதுவும் ஒரு பயன்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை அதைவிடப் பெரிது. அது எப்படி நடக்கிறது? அது நடக்காமல் போனால் என்ன ஆகும்?

ஆறு சென்டிமீட்டர் செய்யும் வேலை

உங்கள் கட்டைவிரலை நிமிர்த்திக் கையை நீட்டிப் பிடியுங்கள். விரலுக்குப் பின்னால் ஜன்னல் கம்பிகள் தெரியட்டும். முதலில் வலக்கண்ணாலும் பிறகு இடக்கண்ணாலும் மாறி மாறிப் பாருங்கள். விரல் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குத் தாவுவதுபோல் தோன்றும். விரல் அசையவில்லை, பார்க்கும் இடம்தான் மாறியது.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இதை நீங்கள் முன்பே சந்தித்திருப்பீர்கள். இதன் பெயர் இடமாறு தோற்றம். அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவீடு தவறிவிடும் என்று ஆசிரியர் எச்சரிப்பது இதனால்தான். ஆய்வுக்கூடத்தில் நாம் பிழை என்று விரட்டுவதை, நமது மூளை அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறது!

வளர்ந்தவர்களின் கண்மணிகளுக்கிடையே ஏறக்குறைய 6.3 செ.மீ. இடைவெளி உண்டு. ஆகவே இரு விழித்திரைகளிலும் விழும் பிம்பங்கள் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு கண் பொருளின் இடப்பக்கத்தைச் சற்று அதிகமாகவும், மற்றது வலப்பக்கத்தைச் சற்று அதிகமாகவும் பார்க்கிறது. பொருள் அருகில் இருந்தால் இந்த வேறுபாடு அதிகம். தொலைவில் இருந்தால் குறைவு. இந்த வேறுபாட்டைக் கொண்டே எது முன்னால், எது பின்னால் என்பதை மூளை அறிகிறது. இதற்கு முப்பரிமாணப் பார்வை என்று பெயர்.

இரண்டு கண்களும் ஒரே புள்ளியை நோக்கினால்தான் இது நடக்கும். ஒவ்வொரு கண்ணையும் திருப்புவதற்கு ஆறு தசைகள் உள்ளன. ஆக, பன்னிரண்டு தசைகள் ஒத்துழைக்க வேண்டும். நண்பர் ஒருவரை ஒரு பென்சில் முனையை உற்றுப் பார்க்கச் சொல்லி, அதை மெல்ல அவருடைய மூக்கை நோக்கிக் கொண்டு செல்லுங்கள். அவருடைய இரு கண்மணிகளும் உட்புறமாகத் திரும்புவதைக் காணலாம்.

கோணம் சொல்லும் தூரம்

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் ஒரு பொருளைப் பார்க்கும்போது இரு கண்களிலிருந்தும் செல்லும் பார்வைக் கோடுகள் அப்பொருளில் சந்திக்கின்றன. 30 செ.மீ. தொலைவில் உள்ள புத்தகத்தில் அவை சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 12 பாகை. 1 மீட்டரில் அது 3.6 பாகை. 10 மீட்டரில் 0.36 பாகை. 100 மீட்டரில் வெறும் 0.036 பாகை.

நல்ல பார்வை உடைய ஒருவர், இக்கோணத்தில் பாகையின் 180-இல் ஒரு பங்கு, அதாவது 20 விகலை அளவுக்கு வேறுபாடு இருந்தாலும் கண்டுகொள்வார் என்று வைத்துக்கொள்வோம். (பயிற்சி உள்ளவர்கள் இதைவிடச் சிறிய வேறுபாட்டையும் உணர்வார்கள்.) 1 மீட்டர் தொலைவில் உள்ள கோணத்தில் இது ஏறக்குறைய 650-இல் ஒரு பங்கு. எனவே தூரத்தையும் 650-இல் ஒரு பங்கு, அதாவது 1.5 மி.மீ. வரை துல்லியமாக உணரலாம். ஊசியில் நூல் கோக்க முடிவது இதனால்தான்.

10 மீட்டரில் கோணமே பத்தில் ஒன்றாகிவிட்டது. அதே 20 விகலை இப்போது 65-இல் ஒரு பங்கு. 10 மீட்டரை 65 ஆல் வகுத்தால் 15 செ.மீ. 100 மீட்டரிலோ நுட்பம் 15 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. தூரம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்காவதைக் கவனித்தீர்களா? ஆகவே, இரு கண்களின் கூட்டு வேலை கைக்கெட்டும் தூரத்தில்தான் மிகச் சிறப்பாக நடக்கிறது. தொலைவில் வரும் பேருந்தின் தூரத்தை அறிய மூளை வேறு குறிப்புகளை நாடுகிறது. பொருள் பெரிதாகிக்கொண்டே வருவது, ஒன்று மற்றொன்றை மறைப்பது, நிழல் விழும் விதம், நாம் நகரும்போது அருகிலுள்ளவை வேகமாகப் பின்செல்வது ஆகியவை அக்குறிப்புகள். இவற்றுக்கு ஒரு கண்ணே போதும்.

முயலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் அது பார்த்துவிடும். ஆனால் இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் பகுதி மிகக் குறுகியது. பாய்ந்து இரை பிடிக்கும் பூனைக்கும் ஆந்தைக்கும் இரு கண்களும் முன்னோக்கியவை. நமக்கும் அப்படியே. நமது மொத்தப் பார்வைப் பரப்பு ஏறக்குறைய 180 பாகை; அதில் 120 பாகை அளவுக்கு இரு கண்களின் பார்வையும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது.

வீட்ஸ்டனின் கண்ணாடிகள்

இரு கண்களும் சற்று மாறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன என்பது பழங்காலம் முதலே தெரிந்த செய்தி. ஆனால் அந்த வேறுபாடுதான் ஆழத்தை உணர்த்துகிறது என்று சோதனையால் காட்டியவர் இங்கிலாந்து நாட்டு இயற்பியலறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன். ஆம், மின்தடையை அளக்கும் வீட்ஸ்டன் சமனச்சுற்றுக்குப் பெயர் தந்த அதே வீட்ஸ்டன்தான்.

அவர் செய்தது மிக எளிய கருவி. இரண்டு சமதள ஆடிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தினார். பார்ப்பவரின் ஒவ்வொரு கண்ணும் ஓர் ஆடியில் ஒரு படத்தை மட்டுமே பார்க்கும். ஒரு கனசதுரத்தை வலக்கண் எப்படிப் பார்க்குமோ அப்படி ஒரு கோட்டுப்படம். இடக்கண் எப்படிப் பார்க்குமோ அப்படி இன்னொரு கோட்டுப்படம். நிழல் இல்லை, வண்ணம் இல்லை. இரண்டும் தட்டையான தாள்கள். ஆனால் இரு கண்களாலும் ஒருசேரப் பார்த்தபோது, கனசதுரம் ஒன்று திண்மமாக எழுந்து நின்றது! இந்த ஸ்டீரியோஸ்கோப் பற்றிய கட்டுரையை 1838-ஆம் ஆண்டு அவர் லண்டன் ராயல் சங்கத்தில் அளித்தார்.

அதே 1838-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வானியலறிஞர் பெசல், 61 சிக்னி என்னும் விண்மீனின் தூரத்தை இடமாறு தோற்றத்தின் மூலம் அளந்தார். வீட்ஸ்டன் ஆராய்ந்த கண்களுக்கிடையே 6 செ.மீ.; பெசலின் இரு ‘கண்களுக்கு’ இடையே பூமிப்பாதையின் விட்டமாகிய 30 கோடி கி.மீ. பயன்பட்ட வடிவகணிதம் ஒன்றேதான்!

இன்றைய முப்பரிமாணத் திரைப்படங்களிலும் வீட்ஸ்டனின் தத்துவமே வேலை செய்கிறது. 1984-இல் வெளிவந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்னும் மலையாளப் படம் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். இத்தகைய படங்களில் இரு காட்சிகள் ஒரே திரையில் விழுகின்றன. நாம் அணியும் தளவிளைவுக் கண்ணாடி, ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய காட்சியை மட்டும் உள்ளே விடுகிறது. மீதியை மூளை பார்த்துக்கொள்கிறது.

மூளையில் ஒரு சங்கமம்

மூளை அதை எங்கே செய்கிறது? ஒவ்வொரு விழித்திரையிலிருந்தும் ஏறக்குறைய பத்து லட்சம் நரம்பிழைகள் புறப்படுகின்றன. மூளையின் அடிப்பகுதியில் இரு பார்வை நரம்புகளும் சந்திக்கும் இடத்தில், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பாதி இழைகள் எதிர்ப்பக்கம் தாண்டிச் செல்கின்றன. இதன் விளைவாக, நமக்கு இடப்புறம் உள்ள காட்சி இரு கண்களிலிருந்தும் மூளையின் வலப்பகுதிக்கும், வலப்புறக் காட்சி இடப்பகுதிக்கும் போய்ச் சேருகிறது. ஒரே காட்சியின் இரு படிகளும் பின்மண்டையிலுள்ள பார்வைப் புறணியில் அருகருகே வந்துவிடுகின்றன. அங்கே உள்ள நரம்புச் செல்களில் பல, இரு கண்களிடமிருந்தும் செய்தி பெறுபவை.

இந்தச் சேர்க்கையை நீங்களே உணரலாம். ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி வலக்கண்ணில் வைத்துத் தொலைவில் பாருங்கள். இடது உள்ளங்கையைக் குழாயை ஒட்டி, இடக்கண்ணுக்கு முன்னால் பிடியுங்கள். இரு கண்களும் திறந்திருக்கட்டும். உங்கள் உள்ளங்கையில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும்!

இரண்டு பந்துகள்

பார்வைக் கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காவிட்டால்? ஒரு பென்சிலை முகத்துக்கு நேரே 20 செ.மீ. தொலைவில் பிடித்துக்கொண்டு, பார்வையை எதிர்ச்சுவரில் நிறுத்துங்கள். பென்சில் இரண்டாகத் தெரியும். இது குறையன்று, எல்லாருக்கும் நிகழ்வதே. நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் நாம் உற்றுப் பார்க்கும் பொருளே இரண்டாகத் தெரிந்தால் அது நோய்க்குறி.

கிரிக்கெட் ஆட்டக்காரர் மன்சூர் அலிகான் பட்டோடியின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நேர்ந்த கார் விபத்தில், கண்ணாடிச் சில்லு பாய்ந்து அவருடைய வலக்கண் பெரிதும் பழுதுபட்டது. அப்போது அவருக்கு வயது இருபது. குவளையில் ஊற்ற நினைத்த நீர் மேசைமேல் விழுந்தது. கண்ணில் ஒட்டு லென்சு பொருத்திக்கொண்டு ஆடியபோது பந்து இரண்டாகத் தெரிந்தது. உட்புறம் தெரிந்த பந்தை உண்மையானது என்று கொண்டு அவர் அடித்தாராம். அதே ஆண்டு டிசம்பரில் அவர் இந்திய அணியில் இடம்பெற்றார். 1962 ஜனவரியில் சென்னையில் நடந்த டெஸ்டில் 103 ஓட்டங்கள் எடுத்தார். அந்த ஆண்டு மார்ச்சில் 21 வயதில் அணித்தலைவரும் ஆனார். ஒற்றைக் கண்ணுக்குக் கிடைக்கும் குறிப்புகளைக் கொண்டே பழகிக்கொள்ள மூளையால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வளர்ந்தவர்களுக்குத் திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிந்தால், தலையில் அடி, நரம்புத் தளர்ச்சி, நீரிழிவு போன்றவை காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறு குழந்தைகளின் கதை வேறு. அவர்களுக்கு ஒரு கண் உள்நோக்கியோ, வெளிநோக்கியோ, மேலோ கீழோ திரும்பியிருந்தால் அதை மாறுகண் என்கிறோம். இரு காட்சிகள் ஒன்றோடொன்று பொருந்தாமையால், குழந்தையின் மூளை ஒரு கண்ணிலிருந்து வரும் செய்தியை ஒதுக்கிவிடுகிறது. ஆகவே குழந்தைக்கு எதுவும் இரண்டாகத் தெரிவதில்லை. எந்தத் துன்பமும் இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சோம்பேறிக் கண்

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் நிறமாலைமானியில் அளவெடுத்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் பார்த்ததில் வலக்கண் களைத்துப்போய் நீர் கோத்திருந்தது. “கொஞ்ச நேரம் இடது கண்ணால் பாருப்பா” என்றேன். தயங்கினான். பிறகு பார்த்துவிட்டு, “குறுக்குக் கம்பியே தெரியவில்லை, சார்” என்றான்.

கண்ணருகு லென்சை முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னேன். பயனில்லை. எனக்குக் கவலை உண்டாயிற்று. ஏன் தெரியுமா? கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் இருந்தால், கண்ணருகு லென்சை நகர்த்தினாலே தொலைநோக்கியில் காட்சி தெளிந்துவிடும். எந்த இடத்திலும் தெளியவில்லை என்றால், குறை கண்ணின் லென்சில் மட்டும் இல்லை.

கண் மருத்துவர் சொன்ன விவரம் இது: அவனுடைய இடக்கண்ணில் பிறவியிலிருந்தே தூரப்பார்வைக் குறை மிகுதி. வலக்கண் நன்றாக இருந்தது. தெளிவான படத்தை ஏற்றுக்கொண்ட மூளை, மங்கலான படத்தைப் புறக்கணித்துவிட்டது. இப்போது சரியான கண்ணாடி போட்டுத் தெளிவான பிம்பத்தை விழித்திரையில் விழச் செய்தாலும், அதைப் படிக்க மூளை கற்றுக்கொள்ளவே இல்லை. இதுதான் மருத்துவர்கள் ஆம்பிளையோப்பியா என்று சொல்லும் ‘சோம்பேறிக் கண்’. பெயர்தான் அப்படியே தவிர, கண்ணின் மேல் பழியில்லை. கற்காமல் விட்டது மூளை. அவன் பார்வைக்கு இரு கண்களும் நேராகவே இருந்தன. பள்ளியில் முதல் பெஞ்சு மாணவன். யாருக்கும் ஐயம் எழவில்லை, அவனுக்கும்கூட. “எல்லாருக்கும் ஒரு கண் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், சார்” என்றான். அவனுக்கு அப்போது வயது பத்தொன்பது.

மூளை ஏன் இப்படிச் செய்கிறது? அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் 1960-களில் இதை ஆராய்ந்தார்கள். பிறந்த சில நாட்களான பூனைக்குட்டிகளின் ஓர் இமையைச் சில வாரங்கள் மூடித் தைத்து வைத்துப் பிறகு திறந்தார்கள். கண்ணில் எந்தப் பழுதும் இல்லை. ஆயினும் பார்வைப் புறணியிலுள்ள செல்களில் பெரும்பாலானவை அந்தக் கண்ணுக்கு மறுமொழி தரவில்லை. திறந்திருந்த கண்ணே அவற்றைத் தன்வசமாக்கிக்கொண்டது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது அத்தகைய பாதிப்பு இல்லை. அதாவது, இரு கண்களும் மூளையில் இடம்பிடிக்கும் பருவம் ஒன்று இளமையில் இருக்கிறது. பார்வை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக இருவரும் 1981-இல் நோபல் பரிசு பெற்றனர்.

மனிதக் குழந்தைக்கு முப்பரிமாணப் பார்வை ஏறக்குறைய நான்காம் மாதத்தில் தோன்றுகிறது. அதற்கு முன் கண்கள் அவ்வப்போது விலகித் தெரிவது இயல்பே. அதன் பின்னும் மாறுகண் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்மணியில் வெண்மையாக ஏதேனும் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

நல்ல கண்ணுக்கு ஓய்வு

சிகிச்சை வேடிக்கையானது. குறையுள்ள கண்ணை விட்டுவிட்டு நல்ல கண்ணை மூடுகிறார்கள்! வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் ஒரே மாணவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், ஆசிரியர் என்ன செய்வார்? “நீ சற்று உட்கார், அவன் சொல்லட்டும்” என்பார் அல்லவா? அதேதான். பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 1743-லேயே இம்முறையைப் பரிந்துரைத்தார். முதலில் தேவையான மூக்குக்கண்ணாடி. பிறகு நாள்தோறும் சில மணி நேரம் நல்ல கண்ணின்மேல் ஒட்டு. சிலருக்கு ஒட்டுக்குப் பதிலாக, நல்ல கண்ணின் பார்வையைத் தற்காலிகமாக மங்கச் செய்யும் அட்ரோபின் சொட்டு மருந்து. எவ்வளவு நேரம், எத்தனை மாதம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நாமாகச் செய்தால் நல்ல கண்ணுக்கும் தீங்கு நேரலாம். மாறுகண்ணை அறுவை சிகிச்சையால் நேராக்கலாம். ஆனால் அது தசைகளைத்தான் சரி செய்யும். பார்க்கப் பழக்குவது தனி வேலை.

ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. அதற்குப் பின்னும் பதின்வயது வரை பலருக்கு ஓரளவு முன்னேற்றம் கிடைக்கிறது. அமெரிக்காவின் நரம்பியல் பேராசிரியை சூசன் பேரி, குழந்தைப் பருவம் முதல் மாறுகண் உடையவர். அறுவை சிகிச்சைகள் செய்தும் முப்பரிமாணப் பார்வை அமையவில்லை. தமது 48-ஆம் வயதில் பார்வைப் பயிற்சி மேற்கொண்டபோது, ஒரு நாள் கார் ஓட்ட அமர்ந்தவருக்கு, வண்டியின் சக்கரப்பிடி தட்டிலிருந்து விலகி முன்னால் மிதப்பதுபோல் தெரிந்தது! எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கதவு ஒரேயடியாக மூடிவிடுவதில்லை என்பதற்கு அவர் சான்று.

நமது ஊர்களில் மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. பள்ளியிலோ ‘ஒன்றரைக் கண்’ என்று கேலி செய்வோர் உண்டு. இரண்டும் ஒரு குழந்தையின் பார்வையைப் பறிக்கக் கூடியவை. அதிர்ஷ்டம் என்பவர் மருத்துவரிடம் அழைத்துப் போகமாட்டார். கேலிக்கு அஞ்சும் குழந்தை ஒட்டைக் கழற்றி எறிந்துவிடும். கண்ணில் ஒட்டுப் போட்டுக்கொண்டு ஒரு சிறுவன் உங்கள் பள்ளிக்கு வந்தால், அவனுடைய மூளை கடினமான பாடம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று நினைவில் கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. சுவர் நாள்காட்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று, உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தாமல் மூடி, மற்றொரு கண்ணால் தேதிகளைப் படியுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். இரண்டிலும் ஒரே தெளிவு இருக்கிறதா? வீட்டிலுள்ள தம்பி தங்கையையும் இப்படிப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்தறியாத சின்னக் குழந்தையானால், ஒரு கண்ணை மறைக்கும்போது சும்மா இருந்துவிட்டு, மற்றதை மறைக்கும்போது மட்டும் உங்கள் கையைத் தள்ளி அழுகிறதா என்று கவனியுங்கள். வேறுபாடு தெரிந்தால் பெற்றோரிடம் சொல்லிக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்யுங்கள்.

என் மாணவனுக்கு இந்தச் சோதனையை ஐந்து வயதில் யாரேனும் செய்து பார்த்திருக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு நிமிடமும் ஒரு உள்ளங்கையும்தான்.